2 வயதுப் பிள்ளைக்குக் கவுன்: வளர்த்திக்குத் துணி எங்கே விடுவது?

#1 இரட்டைப்பின்னல்

பொண்ணுக்கு 2 வயசு முடிஞ்சிருக்கு. வீட்டில் தினமும் போட நாலு காட்டன் கவுன், விசேஷத்துக்கு ஒரு பட்டுப்பாவாடை சட்டை தைக்கணும். இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி மிஷின். அளவு: உயரம் 86 செ.மீ., மார்பு 20 இன்ச், வயிறு 20, தோளிலிருந்து முட்டிக்கு மேல் வரை 18, தோளோடு தோள் எட்டரை, தலைச்சுற்று பதினெட்டரை. ஒரு வருஷமாவது போடணும்னா எங்கே எவ்வளவு துணி விடணும்? கழுத்துக்குப் பட்டன் வைக்கலாமா? துணி எவ்வளவு எடுக்க? விவரமா சொல்லுங்க.

#2 மதுரை_அம்மா

வளர்ற பிள்ளைக்கு எப்பவும் ரெண்டு சைஸ் கூட்டித்தான் வெட்டணும்மா. மார்பு 20ன்னா 24க்கு வெட்டுங்க, தோள் பத்து வைங்க, நீளம் 22. இப்ப தொளதொளன்னு இருந்தாலும் ஆறு மாசத்தில் சரியாயிடும். அளவெடுத்து அப்படியே தைச்சா தீபாவளிக்குப் போட்டது பொங்கலுக்குப் பத்தாது.

#3 நூல்கண்டு

மதுரை அம்மா சொல்வதில் பாதி சரி. நீளத்துக்குத் தாராளம் வேண்டும். தோளுக்கும் கழுத்துக்கும் வேண்டவே வேண்டாம்.

2 வயதுக்கு மேல் பிள்ளை நெட்டுக்குத்தான் வளரும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பெண் குழந்தையின் சராசரி உயரம் 2 வயதில் 85.7 செ.மீ., 3 வயதில் 95.1 செ.மீ. ஒரே வருடத்தில் 9 செ.மீ.க்கு மேல். தலைச்சுற்று அதே ஒரு வருடத்தில் அரை இன்ச் அளவுதான் கூடும். மார்பும் ஏறக்குறைய ஒரு இன்ச்தான். உயரம் கூடுவதில் பாதி காலுக்குப் போய்விடுவதால், முட்டிக்கு மேல் நிற்கும் கவுனுக்கு ஒரு வருடத்துக்கு 2 இன்ச் நீளம் போதும். ஆக, அகலத்தில் 4 இன்ச் கூட்டுவது தேவையில்லாத இடத்தில் துணியைக் கொட்டுவதுதான்.

தோள் எட்டரையாக இருக்கும் பிள்ளைக்குப் பத்து வைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத் தோள் எந்நேரமும் நழுவும். பிள்ளை அதை இழுத்து இழுத்து விடும். குனிந்தால் கழுத்து வழியே வயிறு வரை தெரியும். கைக்குழி பெரிதானால் கையைத் தூக்கும்போது கவுன் முழுதும் மேலே ஏறும், கைக்குழி தாழ்வாக இருப்பதுதான் அதற்குக் காரணம். 22 இன்ச் நீளம் இப்போது கெண்டைக்காலைத் தொடும். மாடிப்படி ஏறும்போது விளிம்பை மிதித்து முன்னால் விழும் வயது இது.

அதனால்: தோள், கழுத்து, கைக்குழி மூன்றும் இன்றைய அளவுக்கு. மார்பில் 20க்கு 23, அந்த 3 இன்ச் மூச்சுக்கும் காற்றோட்டத்துக்கும். பக்கத் தையலில் தைக்க அரை இன்ச், பிரிக்க இன்னொரு அரை இன்ச். நீளத்தில் டக் (பிறகு பிரித்துவிடக்கூடிய மடிப்புத் தையல்) இரண்டு. வளர்த்தியை டக்கில்தான் ஒளித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, வயிறு. இந்த வயதில் இடுப்பு என்று தனியாக இல்லை. மார்பும் 20, வயிறும் 20 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்குப் போல இடுப்பில் தையல் வைத்தால் அது தொப்பையின் உருண்டைமேல் உட்காரும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தையலை ஒன்றரை இன்ச் மேலே ஏற்றி, தோளிலிருந்து 7 இன்சில் வைத்தால் அங்கிருந்து சுருக்கு விழுந்து வயிற்றை மூடும். முன்பக்கப் பாவாடைத் துண்டின் நடுவில் மட்டும் அரை இன்ச் நீளம் கூட்டி, பக்கங்களில் ஒன்றுமில்லாமல் முடியுங்கள். பிள்ளை நிற்கும்போது விளிம்பு நேராகத் தெரியும்.

#4 மதுரை_அம்மா

தோள் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா பக்கத்தில் அரை இன்ச் கூடுதல் பத்தாது, முக்காலா விடுங்க. சில பிள்ளைங்க மூணு வயசில் உருண்டு வரும்.

#5 இரட்டைப்பின்னல்

நூல்கண்டு அக்கா, வெட்டும் கணக்கு இன்ச் இன்சா கிடைக்குமா? 36 இன்ச் பன்னா (அகலம்) துணி ஒரு மீட்டர் போதுமா?

#6 நூல்கண்டு

ஒரு மீட்டர் என்பது 39 இன்ச் சொச்சம். கணக்குப் போட்டால் சரியாக 39 வரும், துவைத்ததும் பத்தாது. ஒன்றேகால் மீட்டர் எடுங்கள்.

பாவாடைத் துண்டு ஒன்றின் நீளம்: முடிந்த அளவு 11, மேல் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு 2, டக் இரண்டுக்கு 2. மொத்தம் பதினைந்தரை. முன்னும் பின்னும் 31. மேல்பகுதி 7, மேலும் கீழும் தையலுக்கு அரை அரை, ஆக 8. கூட்டினால் 39. முன்பக்க நடுவில் கூட்டும் அரை இன்சும் பின்பக்கத்தில் இருந்து மிச்சப்படாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டன் முதல் துவையலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். ஒன்றேகால் மீட்டர் 5 சுருங்கினாலும் 46 இன்சுக்கு மேல் நிற்கும். மீதி 7 இன்சில் கழுத்துக்கு கிராஸ் பட்டியும் (சாய்வாக வெட்டிய விளிம்புப் பட்டி) ஒரு பையும் வரும்.

பாவாடைத் துண்டின் அகலம் 36ஐயும் அப்படியே சுருக்காதீர்கள். பதினொன்றரை இன்ச் மேல்பகுதிக்கு 36ஐத் திணித்தால் மூன்று மடங்கு. தையல் இடம் கயிறு மாதிரி தடித்து விலாவில் அழுத்தும். அகலம் 26 போதும். முன்னும் பின்னும் சேர்ந்து, பக்கத் தையல் போக 50. அதை 23க்குச் சுருக்கினால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக் கவுனுக்கு அதுதான் அளவு. பக்கத்தில் மிச்சமாகும் 10 இன்ச் பட்டைகள் இரண்டில் இரண்டு கை வந்துவிடும்.

மேல்பகுதி முன்துண்டு அகலம்: பதினொன்றரை, பக்கத்துக்கு ஒவ்வொரு இன்ச், பதின்மூன்றரை. பின்துண்டு இரண்டாக: ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால், பக்கத்துக்கு ஒன்று, பட்டன் பட்டிக்கு ஒன்றரை, எட்டேகால். இரண்டும் பதினாறரை. முன்துண்டோடு சேர்த்து 30, 36க்குள் அடங்கும். மதுரை அம்மா சொல்லும் முக்கால் விட்டாலும் இடமிருக்கிறது.

கைக்குழி ஆழம் நாலரை, கழுத்து அகலம் மடித்த துணியில் 2, முன் இறக்கம் இரண்டரை, பின் இறக்கம் 1. மேல்கைச் சுற்று சுமார் 6 இன்ச் இருக்கும். கை முனை ஏழரைக்குக் கீழே போகக் கூடாது. புஃப் கைக்கு எலாஸ்டிக் போட்டால் முனையில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

டக் எங்கே: கீழ் மடிப்பை முதலில் தைத்து முடியுங்கள். அதன் மேல்தையலிலிருந்து ஒரு இன்ச் மேலே முதல் டக், அதற்கு ஒரு இன்ச் மேலே அடுத்தது. ஒவ்வொன்றும் அரை இன்ச் ஆழம். பிரித்தால் ஒன்றுக்கு ஒரு இன்ச் நீளம் கிடைக்கும். டக்கை மட்டும் மிஷினின் நீளத் தையலில், 4 மி.மீ. வைத்துப் போடுங்கள், பிரிக்க எளிது. பிரித்த இடத்தில் மடிப்பு விளிம்பு வெளுத்துக் கோடாக நிற்கும். அடர்நிறத் துணியில் இன்னும் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே மெல்லிய லேசோ, நூலில் ஓட்டுத்தையலோ போட்டால் அலங்காரமாகிவிடும்.

#7 தறிக்காரன்

துணி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

சுருக்கு வைத்த கவுனுக்குக் கேம்ப்ரிக் நல்லது: மெல்லிசு, ஆனால் ஊசிக்கு அடங்கும். மல்மல் கோடைக்கு அருமை. ஆனால் தையல் இடத்தில் நூல் விலகும், அதனால் ஒற்றையாகத் தைக்காமல் மேல்பகுதிக்கு மல்மல்லையே இரண்டடுக்காக வையுங்கள். பாப்லின் கொஞ்சம் விறைப்பு, பை வைத்த கவுனுக்கும் குட்டைக் கால்சட்டைக்கும் தாங்கும். ரூபியா டூ பை டூ ரவிக்கைக்கு மட்டுமில்லை, உள்ளே போடும் ஷிம்மிக்கும் நன்றாக இருக்கும். மதுரைச் சுங்குடி எடுத்தால் முடிச்சுப் போட்ட இடங்களின் சுருக்கம் துணியில் இருக்கும். நன்றாக நனைத்து இஸ்திரி போட்டபிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டின அளவு தைக்கும்போது மாறிவிடும்.

தவிர்க்க வேண்டியது: நைலான் நெட், டஃபெட்டா லைனிங். கடை கவுன்களில் வெளியே காட்டன் தெரியும், உள்ளே லைனிங் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். வியர்வை இறங்காது, கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கிளம்பும். நெருப்புப் பட்டால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். விளக்கு, பட்டாசு பக்கம் போகும் நாளில் தொங்கும் நெட் கவுன் கண்டிப்பாக வேண்டாம். காட்டனும் எரியும்தான், ஆகவே அன்றைக்கு அகல விரியும் கவுனே வேண்டாம், உடம்போடு இருக்கும் காட்டன் உடை போதும்.

வெட்டுவதற்கு முன்: கைத்தறியானால் கஞ்சி போக ஒரு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள், மற்றதெல்லாம் இரண்டு மணி நேரம். முறுக்காமல் பிழிந்து, நிழலில் நேராகக் காயவைத்து, அரை ஈரத்தில் பாவு திசையில் (நீளவாக்கில் ஓடும் நூலின் திசையில்) இஸ்திரி. சாயம் போகும் துணியை உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. ஒட்டாமல் நிற்கும் மிகுதிச் சாயம் கழியும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதுதான் வழி. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தால் வெட்டலாம்.

பாவு நூல் எப்போதும் தோளிலிருந்து விளிம்புக்கு நெட்டாகப் போகட்டும். துணி மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டினால் சுருக்கு விறைத்துக் குடைபோல நிற்கும்.

#8 மதுரை_அம்மா

புதுத் துணியே வேணும்னு இல்லை. பழைய நாலு முழ வேட்டியில் ரெண்டு ஷிம்மியும் மேல்பகுதி லைனிங்கும் தாராளமா வரும். நூறு தடவை துவைச்சது, இனிமே சுருங்க அதில் ஒண்ணும் இல்லை, கஞ்சியும் இல்லை. ஆனா வேட்டியின் எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் விரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ஞ்ச இடம் சல்லடை மாதிரி வெளிச்சம் விடும். அங்கே ரெண்டு கட்டைவிரலால் லேசா இழுத்தா நூல் பிரிஞ்சு நீள நீளமா இடைவெளி விழும். அந்த இடத்தைத் தையலுக்கோ கைக்குழிக்கோ வச்சுடாதீங்க. கரைப்பக்கத்து ஒரு சாண் அகலம் கெட்டியா இருக்கும், தோள் அங்கே வரட்டும். பழைய காட்டன் புடவைக்கும் இதே சோதனைதான், முந்தானை கெட்டி, கொசுவம் வந்த இடம் நைஞ்சிருக்கும்.

#9 இரட்டைப்பின்னல்

வேட்டி யோசனை நல்லா இருக்கு அம்மா. இப்ப கழுத்து. ஒரு மாதிரித் துணியில் கிராஸ் பட்டி வச்சுப் பார்த்தேன், கழுத்து சுருங்கிப் போச்சு, தலையும் நுழையலை.

#10 கத்தரி_சாக்பீஸ்

இது இரண்டு தனித்தனித் தவறு.

தலை நுழையாதது கணக்குத் தவறு. நூல்கண்டு சொன்ன கழுத்தின் சுற்றளவு சுமார் 12 இன்ச். தலை பதினெட்டரை. பின்னால் 4 இன்ச் திறப்பு விட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து 8, மொத்தம் 20. தலை போகும், காதை இழுக்காது. அதற்குக் குறைந்த திறப்பு வைத்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் அழும். மேல்பகுதி முழுக்க, பின்கழுத்து இறக்கம் போக 6 இன்சும் திறந்தால் கழுத்தே 24 ஆகிவிடும். கால் வழியாகவும் ஏற்றலாம், திமிரும் பிள்ளைக்கு அது சுலபம்.

கழுத்து சுருங்கியது பட்டியை இழுத்ததால். பட்டி அச்சு 45 டிகிரியில் வெட்டப்பட்டதா பாருங்கள்: துணி முனையை மடித்து, பாவு நூல் ஊடையின் (குறுக்கு நூலின்) மேல் சரியாகப் படிந்தால் அந்த மடிப்புதான் 45. கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அகலம் ஒன்றேகால் இன்ச். 7 இன்ச் மிச்சத் துணியில் ஒரே பட்டியாக 13 இன்ச் வராது. இரண்டு துண்டாக வெட்டி, இணைப்பைத் தோள் தையலுக்கு நேராக வையுங்கள், கழுத்து நடுவில் முடிச்சு மாதிரி உறுத்தாது. இணைக்கும்போது இரண்டு பட்டியையும் செங்கோணமாக வைத்துச் சாய்வாகத் தைக்க வேண்டும்.

வைக்கும்போது பின்கழுத்தின் நேர் இடத்தில் இழுக்கவே கூடாது. முன்கழுத்தின் வளைவில் மட்டும் மிக லேசாக இழுத்து வையுங்கள். இழுக்காவிட்டால் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து நிற்கும், அதிகம் இழுத்தால் உங்களுக்கு வந்த மாதிரி சுருங்கும். பட்டியைத் திருப்புவதற்கு முன் வளைவில் அரை இன்சுக்கு ஒரு வெட்டு, தையல் நூலுக்கு ஒரு நூலிழை முன்னால் நிற்கட்டும். இந்த வெட்டு இல்லாத கழுத்து எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது.

#11 அப்புவின்அப்பா

பட்டன் பற்றி. வாயில் போடும் வயசு, அதனால் கழன்று விழும் எதுவும் ஆபத்து. அமெரிக்காவில் 3 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு சோதனைக் குழல் உண்டு, விட்டம் ஒன்றேகால் இன்ச். அதற்குள் அடங்கும் எதுவும் மூச்சுக்குழலை அடைக்கலாம் என்பது கணக்கு. எந்தச் சட்டைப் பட்டனும் அதற்குள் அடங்கும். ஆகவே பட்டன் வைப்பதா இல்லையா என்பதைவிட அது எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

நாலு ஓட்டைத் தட்டைப் பட்டன், இரட்டை நூல், ஓட்டை ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று முறை, அடியில் கழுத்து மாதிரி நூல் சுற்றி, பின்புறம் இரண்டு முடிச்சு. ஒற்றைத் துணியில் தைத்தால் பட்டன் நிற்கும், துணி கிழிந்து வரும். பட்டிக்குள் இன்னொரு துண்டு வையுங்கள். தைத்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள், துவைத்துக் காயப்போடும்போதெல்லாம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். முத்து, கண்ணாடி, சமிக்கி இந்த வயசுக்கு வேண்டாம். முதுகில் பட்டன் இருக்கும் கவுனோடு மதியத் தூக்கம் போட்டால் முதுகில் தடம் விழும். படுக்கும் கவுனுக்குக் கழுத்தில் எலாஸ்டிக்கே மேல்.

கழுத்தில் கட்டும் கயிறும் கூடாது. ஐரோப்பியத் தர விதி இ.என். 14682, 7 வயது வரை கழுத்துப் பக்கம் நாடாவையே அனுமதிப்பதில்லை. சறுக்குமரத்திலும் கதவிலும் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதுதான் காரணம். முதுகில் கட்டும் இடுப்பு நாடா வைத்தால், அவிழ்ந்து தொங்கும்போதும் கவுன் விளிம்பைத் தாண்டாத நீளம். வண்டியில் உட்காரும்போது அதை உள்ளே செருகிவிடுங்கள், சக்கரக் கம்பி இழுத்துவிடும்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். உள்பக்கம் தொங்கும் நூல் முனைகளை ஒட்ட நறுக்குங்கள். கை முனையிலோ காலுறையிலோ இருக்கும் தளர்ந்த நூல் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நிற்கும். பிள்ளை காரணமில்லாமல் அழும்போது விரல்களையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

#12 இரட்டைப்பின்னல்

விரல் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி சகோ. கேம்ப்ரிக்கில் தைக்கும்போது அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தா வருது. பாபினை இறுக்கிப் பார்த்தும் நிற்கலை. விளிம்புப் பிசிரை மூடித் தைக்கும் ஓவர்லாக் மிஷினும் கிடையாது.

#13 கத்தரி_சாக்பீஸ்

அடியில் கொத்து விழுந்தால் குற்றம் பாபினில் இல்லை, மேல்நூலில். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் இறங்காமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அழுத்துக்கால் கீழே இருக்கும்போது நூல் கோர்த்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. காலைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும். இறுக்கிய பாபின் திருகை பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்: பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும்; தானாக வழுக்கினால் தளர்ச்சி, அசையாவிட்டால் இறுக்கம்.

மெல்லிய துணிக்கு ஊசி 11. பேன்ட் துணி தைத்த 16 ஊசியே கிடந்தால் கேம்ப்ரிக்கில் ஓட்டை விழும், மல்மல்லில் தொடக்கத்திலேயே துணி ஊசித்தட்டுக்குள் போய்ச் சிக்கும். முதல் நாலு தையலுக்கு இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் சிக்கினால் அடியில் செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடுங்கள்.

சுருக்குக்கு: கால் இன்சில் ஒரு வரிசை, அரை இன்சுக்குக் கொஞ்சம் உள்ளே இன்னொன்று, இரண்டும் நீளத் தையல். ஒரு வரிசை மட்டும் போட்டால் சுருக்கு உருண்டு ஒரு பக்கம் குவியும். அடி நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுங்கள், மேல்நூலை இழுத்தால் பாதியில் அறும். பாவாடையையும் மேல்பகுதியையும் நாலு நாலாக மடித்துச் சாக்பீஸ் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. தைக்கும்போது சுருக்குப் பக்கம் மேலே இருக்கட்டும், பார்த்துப் பார்த்துப் பரப்பலாம். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், வீட்டில் தவழும், நடக்கும் பிள்ளை இருக்கிறது.

ஓவர்லாக் இல்லாதது நல்லதே. ஓவர்லாக்கின் நூல் விளிம்பு அக்குளிலும் விலாவிலும் உரசும். பக்கத் தையலுக்கு மடிப்புத் தையல் போடுங்கள்: முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் இன்சுக்கு மயிரிழை குறைவாகத் தைத்து, விளிம்பை அரைக்கால் இன்சாக நறுக்கி, திருப்பி, உள்பக்கம் கால் இன்சில் மறுபடி தைத்தால் பிசிர் உள்ளேயே அடைபடும். இரண்டு தையலும் சேர்ந்து விழுங்குவது அரை இன்ச்தான். ஆனால் பக்கத்தில் பிரிப்பதற்கென்று கூடுதல் துணி விட்ட இடத்தில் இது முடியாது. அங்கே ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியே மடித்து ஓட்டுங்கள். கைக்குழிக்குக் கிராஸ் பட்டியால் விளிம்பை மூடிவிடுங்கள்.

#14 மதுரை_அம்மா

கவுனுக்கு இவ்வளவு பேசிட்டு ஜட்டியை விட்டுட்டோம். கழிப்பறைப் பழக்கம் பழக்கற நேரத்தில் ஒரு நாளைக்கு எட்டுகூடப் பத்தாது.

#15 அப்புவின்அப்பா

ஜட்டிக்குப் பனியன் துணிதான். திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்கும். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி ஒரு கிலோ வாங்கினால் ஐந்தரைச் சதுர மீட்டர் வரும். கால் கிலோவில் 2 வயதுக்கு எட்டு ஜட்டி வெட்டலாம். துணி குறுக்கே அதிகம் இழுபடும், அந்த இழுவை இடுப்பைச் சுற்றி வரட்டும்.

நேர்த்தையல் மிஷினில் பனியன் துணி தைத்தால் பிள்ளை ஒரு முறை இழுத்ததும் நூல் படபடவென்று அறும். துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னத் தையலில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை போடுங்கள். ஊசி முனை உருண்டையான பால் பாயின்ட் 11. சாதாரண ஊசி இழையைக் குத்தி அறுத்து, இரண்டு துவையலில் வரிசையாக ஓட்டை விட்டுவிடும்.

எலாஸ்டிக்: இடுப்புக்கு அரை இன்ச் அகலம், இடுப்புச் சுற்றில் 2 இன்ச் குறைவு, மேலே ஒரு இன்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க. காலுக்குக் கால் இன்ச் அகலம், தொடைச் சுற்றில் அரை இன்ச் மட்டும் குறைவு. கழற்றிய பிறகு சிவந்த தடம் வெகுநேரம் நின்றால் இறுக்கம். எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துத் தைக்காமல் மடிப்புக்குள் நுழைத்து, பின்பக்கம் உள்ளே ஒரு இன்ச் வாய் விட்டுவிடுங்கள். துணி நன்றாக இருக்கும்போதே எலாஸ்டிக் செத்துவிடும், மாற்ற வழி வேண்டும். வெந்நீரும் சூடான இஸ்திரியும் எலாஸ்டிக்கின் எமன்.

பழகும் நாட்களில் பிள்ளையே கீழே இறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இடுப்பு எலாஸ்டிக்கை இன்னொரு அரை இன்ச் தளர்த்துங்கள். கவுன் முட்டிக்கு மேலேயே நிற்கட்டும், குந்தும்போது நனையாது. முன் பின் தெரியப் பின்கழுத்து உள்பக்கத்தில் ஒரு சிவப்பு நாடாத் துண்டு தைத்துவிடுங்கள். "சிவப்பு முதுகுக்கு" என்று சொன்னால் இரண்டரை வயதில் தானே போட முயற்சி செய்யும்.

#16 தறிக்காரன்

கறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வெளிர்நிறம் எடுக்கலாமா என்பது இதைப் பொறுத்தது. பாலும் முட்டையும் பட்டால் முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். மஞ்சளும் சாம்பாரும் சோப்பு போட்டு வெயிலில் காயப்போட்டால் தானே வெளுக்கும். எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீர் படாமல் நேரடியாகத் தேய்த்துப் பத்து நிமிடம். வாழைக்கறையும் மாம்பழப் பாலும் போகாது. முன்பக்கத்துக்கு அச்சடித்த பூத்துணி, பின்பக்கத்துக்கு வெளிர்நிறம் என்று வெட்டுவது இதற்கு ஒரு வழி.

#17 இரட்டைப்பின்னல்

கவுனுக்கு எல்லாம் தெளிவு. கடைசியா பட்டுப்பாவாடை. இடுப்பில் நாடா கட்டினா நழுவுது, இறுக்கினா தடம் விழுது. அதோட பட்டில் டக் போட்டுப் பிரிச்சா ஊசி ஓட்டை தெரியுமே? ஜரிகைக் கரையும் கீழே இருக்கு.

#18 நூல்கண்டு

ஓட்டை தெரியும். காட்டனில் துவைத்தால் இழைகள் கூடி மூடிக்கொள்ளும், பட்டில் அது நிரந்தரம். அதனால் பட்டில் டக்கே வேண்டாம். இடுப்பு இல்லாத உடம்பில் நாடாவும் நிற்காது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: பாடி வைத்த பாவாடை.

கை இல்லாத ஷிம்மி மாதிரி ஒரு மேல்பகுதியை மதுரை அம்மா சொன்ன வேட்டித் துணியில், இரண்டடுக்காக வெட்டுங்கள். மார்புக்கு 22 போதும், மேலே சட்டை வரும். பாவாடையை அதன் அடியில் இணையுங்கள். எடை முழுதும் தோளில் தொங்கும், வயிற்றை எதுவும் இறுக்காது. பாவாடை அகலம் இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம், பட்டின் கனத்தைப் பிள்ளை சுமக்க வேண்டும். பட்டு தடிப்பாக இருந்தால் சுருக்கைவிட ஒரே பக்கம் படியும் கொசுவ மடிப்பு நல்லது, இணைப்பு இடம் தட்டையாக இருக்கும். இணைப்பின் உள்பக்கப் பிசிரை அதே வேட்டித் துணிப் பட்டியால் மூடுங்கள், ஜரிகை இழை முனை வயிற்றைக் கீறும்.

டக்கை அந்தப் பாடியில் போடுங்கள். கைக்குழிக்கு ஒன்றரை இன்ச் கீழே, சுற்றிலும், அரை இன்ச் ஆழத்தில் இரண்டு. பாடியை அதற்கு 2 இன்ச் கூடுதல் நீளமாக வெட்ட வேண்டும். உயரம் கூடும்போது ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை முழுதும் ஒரு இன்ச் கீழே இறங்கும். பட்டில் ஒரு ஊசியும் படாது, கரை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பிரித்த கோடு சட்டைக்குள் மறையும். இணைப்புத் தையல் கீழே இறங்குவதால் அதை மூட, பட்டுச் சட்டையின் நீளத்தில் உள்மடிப்பு 2 இன்ச் விட்டு, அதை மட்டும் மிஷின் போடாமல் கையால் ஹெம்மிங் செய்யுங்கள்.

#19 இரட்டைப்பின்னல்

பாடியின் பின்பக்கம் திறப்பு எதுவரை வரணும் அக்கா? டக் சுற்றி வந்தா திறப்பில் இடிக்குமே.

#20 நூல்கண்டு

திறப்பு பாடியின் முழு நீளத்துக்கும், அதற்குக் கீழே பாவாடையில் இன்னும் 3 இன்சுக்கும் வரட்டும். டக் பட்டன் பட்டியின் விளிம்பு வரை போய் நிற்கட்டும், பட்டியின் மேல் ஏற வேண்டாம். பட்டியை அந்த இடத்தில் மட்டும் டக்கோடு சேர்த்து மடித்துக் கையால் நாலு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். டக்கின் மடிப்பைக் கீழ்நோக்கிப் படிய வையுங்கள். கொக்கி வேண்டாம், தூங்கிப்போனால் முதுகில் குத்தும். பிரஸ் பட்டன் மூன்று, டக் வரும் இடத்தைத் தவிர்த்து.

#21 மதுரை_அம்மா

மிச்சப் பட்டில் ஒரு சாண் எடுத்து வைங்க. சட்டையின் அக்குள் முதலில் நைஞ்சு போகும், அதே துணி இருந்தா ஒட்டுப் போடலாம்.